கணையத்துக்கு எந்தக் குத்தூசி?

டிஸ்கி: பொதுவாக இதைக் கடைசியில்தான் போடுவார்கள். நான் முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் சாதா மாணவன். கீழே இருப்பது படித்ததும் யோசித்ததும் கலந்த என் கருத்து. இதைக் காட்டி யாரும் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கேள்வி கேட்கலாம், அது வேறு.

செங்குன்றம் அரிசி மண்டிப் பக்கம் போனவர்களுக்குக் குத்தூசி தெரிந்திருக்கும். வியாபாரி மூட்டையை அவிழ்க்க மாட்டார். சாக்கில் சரக்கென்று குத்தி உருவுவார். உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி விழும். ஊதிப் பார்ப்பார், இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கைப்பிடியை வைத்து மொத்த லோடுக்கும் விலை பேசி முடித்துவிடுவார். சின்ன வயதில் அப்பாவோடு போனபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குத்தின இடத்தில் மட்டும் நல்ல அரிசி இருந்துவிட்டால்? அப்பா, "வாயை மூடிட்டு வா" என்று பதில் சொன்னார்.

அதே சந்தேகம் போன வருஷம் வேறு இடத்தில் வந்தது. அரிசி மூட்டைக்குப் பதில் மனுஷன். குத்தூசிக்குப் பதில் மயிரிழை மாதிரி ஒரு ஊசி.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் இருபது வருஷமாக கிரைண்டிங் வேலை. பீடி, சிகரெட், சாராயம் எதுவும் கிடையாது. ஆனால் முப்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கல், நாள்பட்ட கணைய அழற்சி என்றார்கள். வலி வரும், போகும், மாத்திரை போடுவார், ஷிஃப்ட்டுக்குப் போவார். நாற்பத்தாறு வயதில் திடீரென்று உடம்பு இளைத்தது. மறுபடி ஸ்கேன். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி. "வாய் வழியா டியூப் விட்டு ஊசி போட்டு எடுத்துப் பார்க்கணும்" என்றார்கள்.

எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் ("நீதான் மெஷின் டாக்டராச்சே தம்பி"). ரத்தம், சில அழற்சி செல்கள், தீர்மானமாகச் சொல்லப் போதுமான செல்கள் இல்லை, தேவைப்பட்டால் மறுபடி செய்யவும். அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த தேதி கிடைத்தது மூன்று வாரம் கழித்து. இரண்டாவது தடவை டாக்டர் வேறு வகை ஊசியைப் பயன்படுத்தினார். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அங்கே யாரும் தப்புச் செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. முதல் தடவை செய்ததும் புத்தகத்தில் இருக்கும் முறைதான். அந்த மூன்று வாரத்தால் நோய் எவ்வளவு மாறியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று சொல்ல முடியும். இல்லை, அதை விடுங்கள். ஊசிக்கு வருவோம்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணையத்தில் திடமான கட்டி என்றால், அதிலும் ஏற்கெனவே அழற்சியால் இறுகிப்போன கணையம் என்றால், முதல் தடவையே எஃப்.என்.பி. வகை ஊசியைத்தான் எடுக்க வேண்டும். அது விலை அதிகம். தெரிந்தேதான் சொல்கிறேன்.

கணையம் இருக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து குத்துவது சுலபமில்லை. எண்டோஸ்கோப்பி டியூபின் நுனியிலேயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கி, அந்தச் சுவர் வழியாகக் கணையத்தைப் பார்ப்பது இ.யு.எஸ். எனப்படும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். பார்த்துக்கொண்டே அதே டியூப் வழியாக நீளமான ஊசியை விட்டுக் குத்தலாம் என்று டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வில்மானும் அவருடைய குழுவும் 1992ல் கணைய நோயாளிகளில் செய்து காட்டினார்கள்.

இந்தச் சோதனையை உலகத்துக்குப் பிரபலப்படுத்தியவர் ஒரு டாக்டர் இல்லை, ஸ்டீவ் ஜாப்ஸ். 2005ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் பேசிய பேச்சை நம்மில் பாதிப் பேராவது ஃபார்வர்டு மெயிலில் படித்திருப்போம். அதில் மூன்றாவது கதை ஞாபகம் இருக்கிறதா? தொண்டை வழியாக டியூப் விட்டு, கணையத்தில் ஊசி போட்டு, சில செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டர்கள் அழுதுவிட்டார்கள் என்று அவருடைய மனைவி சொன்னதாகச் சொல்வார். காரணம், அது எல்லாரும் பயந்த வகை இல்லை, ஆபரேஷனில் சரிசெய்ய வாய்ப்புள்ள அபூர்வ வகை. (2011ல் அந்த நோயாலேயே அவர் போய்விட்டார் என்பது வேறு விஷயம்.) சில செல்கள்தான். அந்தச் சில செல்கள் அன்றைக்கு ஊசிக்குள் வராமல் வெறும் ரத்தம் மட்டும் வந்திருந்தால்?

வெறும் ரத்தம் வருவது ஒன்றும் அபூர்வமில்லை. கணையப் புற்றுநோய்க் கட்டியைக் கல்லுமாதிரி இருக்கும் என்பார்கள். அந்தக் கல்லில் பெரும்பகுதி புற்றுநோய் செல்லே கிடையாது, நார்த்திசு. செல்கள் அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பழைய வகை எஃப்.என்.ஏ. ஊசி, நாம் ஆஸ்பத்திரியில் பார்க்கும் இன்ஜெக்ஷன் ஊசியின் நீளமான அண்ணன். ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிரைண்ட் செய்த முனை. உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டி உறிஞ்சினால், தளர்வாக இருக்கும் செல்கள் வந்துவிடும். நார்த்திசு அசையாது. மண்டியில் சொன்னால், கொட்டிக் கிடக்கும் அரிசிக்கு இந்த ஊசி போதும். வெல்ல மூட்டைக்குப் போதாது.

இப்போது அண்ணனின் கணையத்தை நினைத்துப் பாருங்கள். கட்டி வருவதற்கு முன்பே பதினைந்து வருஷ அழற்சியால் நார் பாய்ந்து, கல் படிந்து கிடந்த கணையம். கட்டிக்கு வெளியே குத்தினாலும் நார், உள்ளே குத்தினாலும் நார். வந்த செல்கள் அழற்சியால் உருமாறியவையா, புற்றுநோயா என்று பிரிப்பதும் கஷ்டம். அமெரிக்காவில் அலபாமாவில் வரதராஜுலு குழுவினர் 2005ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. நாள்பட்ட அழற்சி இல்லாத கணையத்தில், புற்றுநோய் இருப்பவர்களில் 91.3 சதவீதம் பேரை எஃப்.என்.ஏ. கண்டுபிடித்தது. அழற்சி உள்ள கணையத்தில் அது 73.9 சதவீதம்தான். அதாவது நூறு பேருக்கு இருபத்தாறு பேர் தப்பிவிடுகிறார்கள். நோயிலிருந்து தப்பவில்லை மக்களே, கண்டுபிடிப்பிலிருந்து.

"சரி, அழற்சி உள்ளவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க" என்று கேட்டால், நம்ம ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் வேறு. குடிப்பழக்கமே இல்லாமல், சின்ன வயதிலேயே கணையத்தில் கல் வந்து, சர்க்கரையும் வரும் ஒரு வகை நோய் தென்னிந்தியாவில் அதிகம் பார்க்கப்பட்டது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதைப் பற்றி நிறைய எழுதினார். மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவதால் வருகிறது என்று ஒரு காலத்தில் கிழங்கின் மேல் பழி போட்டார்கள். பிறகு ஸ்பிங்க்-1 போன்ற மரபணு மாற்றங்கள் தெரியவந்ததும் அந்தப் பழி நீர்த்துவிட்டது. (கப்பைக்கு ஜாமீன்.) இப்போது அந்தப் பழைய முழு வடிவத்தில் வருபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்கள். ஆனால் இல்லாமல் போய்விடவில்லை.

இந்த நோய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அளந்த முக்கியமான ஆய்வு சென்னை நோயாளிகளை வைத்து நடந்தது. சாரி, மோகன், விஸ்வநாதன், மதனகோபாலன் முதலானவர்கள் நியூயார்க் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1994ல் வெளியிட்டது. மோகன், விஸ்வநாதன் என்றால் சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். 185 நோயாளிகள், சராசரியாக நாலரை வருஷம். அதற்குள் 24 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் கணையப் புற்றுநோயால். சாதாரண மக்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 100 மடங்கு ஆபத்து என்று கணக்கு வந்தது. எண்ணிக்கை சின்னது என்பதால் உண்மையான மடங்கு 37 முதல் 218 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 37 என்றே வைத்துக்கொள்ளுங்கள். போதாதா?

ஆக, நம்ம ஊரில் எந்தக் கணையத்தில் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகமோ, அதே கணையத்தில்தான் பழைய ஊசி அதிகம் கோட்டை விடுகிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான். மற்றதெல்லாம் இதற்கு ஆதாரமும் பொடிமாஸும்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன். அவரே ஆரம்பித்தார். "முதல் ஊசிக்கும் ரெண்டாவது ஊசிக்கும் என்னடா வித்தியாசம்? முனை எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு." இருபது வருஷம் முனை தீட்டியவர் வேறு என்ன கேட்பார்! மளிகை பில்லின் பின்பக்கத்தில் வரைந்தேன்.

முதலில் சைஸ். இ.யு.எஸ். ஊசிகள் 19, 22, 25 என்று மூன்று கேஜில் வருகின்றன. கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலியும் (ஒயர் கேஜ் மாதிரிதான், அண்ணனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை). 22 என்றால் வெளி விட்டம் சுமார் 0.7 மில்லிமீட்டர். பெரிய ஊசியாகப் போட்டால் நிறைய வருமே என்றால், கணையத்தின் தலைப்பகுதியைக் குத்த டியூபை இரைப்பை தாண்டிச் சிறுகுடலின் ஆரம்ப வளைவுக்குள் கொண்டுபோக வேண்டும். டியூபே அங்கே கேள்விக்குறி மாதிரி வளைந்து நிற்கும். தடிமனான 19 கேஜ் ஊசி அந்த வளைவில் விறைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும்.

2002 வாக்கில் ட்ரூ-கட் வகை ஊசி ஒன்று இதற்காக வந்தது. உள்ளே ஒரு தொட்டி, மேலே ஸ்பிரிங் விசையில் பாய்ந்து வெட்டும் உறை. திசுத் துண்டு எடுக்க வேண்டும் என்ற யோசனை சரி. ஆனால் அது 19 கேஜ். இரைப்பை வழியாகக் குத்தினால் வேலை செய்தது, சிறுகுடல் வளைவில் ஸ்பிரிங் மக்கர் செய்தது. "வளைஞ்ச இடத்துல ஸ்லைடிங் பார்ட் வெச்சா ஜாம் ஆகாம என்ன ஆகும்?" என்றார் அண்ணன். டிசைன் ரிவ்யூவில் இவர் இருந்திருக்கலாம்.

2011ல் குக் நிறுவனத்தின் ப்ரோகோர் பற்றிய முதல் ஆய்வு வந்தது. முனைக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் ஒரு வெட்டு, வெட்டின் கூர்மை பின்னோக்கி இருக்கும். உள்ளே போகும்போது சும்மா போய், இழுக்கும்போது சுரண்டிக்கொண்டு வரும். சாட்சாத் நம்ம குத்தூசியின் ஒன்றுவிட்ட தம்பி! பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. குத்த வேண்டிய தடவைகள் குறைந்தன. ஆனால் கண்டுபிடிப்பதில் சாதா ஊசியை அது பெரிதாக ஜெயிக்கவில்லை.

அடுத்து வந்தவைதான் நான் பேச வந்தவை. 2010களின் நடுவில் இரண்டு முனைகள் வந்தன. ஒன்று ஃபோர்க்-டிப், மெட்ரானிக்கின் ஷார்க்கோர். பெயருக்கேற்றபடி எதிரெதிரே உயரம் மாறிய கூர்ப்பற்கள். இன்னொன்று பாஸ்டன் சயின்டிஃபிக்கின் அக்வயர், ஃபிரான்சீன் முனை. கிரீடம் மாதிரி மூன்று பல், சம இடைவெளியில். இதில் ஒரு வேடிக்கை, ஃபிரான்சீன் என்பது கம்பெனிப் பெயர் இல்லை. 1941ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் புது மாதிரி பயாப்ஸி ஊசி ஒன்றை விவரித்த மருத்துவர் பெயர். எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த முனையை எண்டோஸ்கோப்பிக்குள் நுழையும் அளவுக்கு மெலிதாக்கிக் கொண்டுவந்தார்கள்.

ஃபிரான்சீன் முனையை வரைந்தவுடன் அண்ணன் முகம் மாறியது. "இது சுத்துமா?" சுற்றாது அண்ணே, குத்துவது மட்டும்தான். "அப்போ ஹோல் சா இல்ல. பஞ்ச்." பிரஸ் டூலில் பஞ்சின் முகத்தைத் தட்டையாக விடாமல் சாய்த்து ஷியர் கொடுப்பார்களாம். முழு விளிம்பும் ஒரே நேரத்தில் தகட்டைத் தொட்டால் நிறைய விசை வேண்டும், தகடும் நசுங்கும். சில புள்ளிகள் முதலில் தொட்டு வெட்டு அங்கிருந்து பரவினால் விசையும் குறையும், வெட்டும் சுத்தமாக இருக்கும். "ஒரு பக்கம் மட்டும் சாச்சா டூல் ஒதுங்கும். மூணு பக்கம் கொடுத்தா ஒதுங்காது, நடுவுல நிக்கும்." என் டிபார்ட்மென்ட்டில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்ததை விட இந்த இரண்டு வரியில் எனக்கு அதிகம் புரிந்தது. (ஹெச்.ஓ.டி. இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.)

எஃப்.என்.ஏ.வுக்கும் எஃப்.என்.பி.க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னது செல்களை உறிஞ்சுகிறது. பின்னது நார்த்திசுவோடு சேர்த்து ஒரு குட்டி உருளையாக வெட்டி எடுக்கிறது. செல் மட்டும் வந்தால் தூவிய அரிசி. உருளை வந்தால் மூட்டைக்குள் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் தெரியும். தன்னுடல் தாக்கக் கணைய அழற்சி என்று ஒன்று இருக்கிறது, ஸ்கேனில் அச்சு அசல் புற்றுநோய் மாதிரியே தெரியும், ஸ்டீராய்டு மாத்திரையில் கரையும். திசுவின் அமைப்பைப் பார்க்காமல் செல்களை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்வது கஷ்டம். நம்ம ஊரில் கணையக் காசநோயும் கட்டி வேஷம் போடும். இந்த இரண்டையும் புற்றுநோய் என்று நினைத்து பெரிய ஆபரேஷன் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புற்றுநோயே என்றாலும், மரபணு சோதனைக்குப் போதுமான திசு மிச்சம் இருந்தால்தான் சில புது மருந்துகள் ஒத்துவருமா என்று பார்க்க முடியும்.

இனி சாட்சிகள். எனக்கு எதிரானவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

2017ல் ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கத்தின் வழிகாட்டி, எஃப்.என்.ஏ., எஃப்.என்.பி. இரண்டும் சமம், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. 2019ல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் எந்த ஊசிக்கும் தனிப் பெருமை இல்லை என்றார்கள். அந்த ஆய்வுகளை மட்டும் படித்த ஒரு பர்சேஸ் ஆபீசர் விலை குறைந்த ஊசியை வாங்கியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், "எஃப்.என்.பி." என்ற ஒரே பெயரில் பழைய பக்கவெட்டு ஊசியையும் புதிய கிரீட முனையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறியிருந்தார்கள். 2021ல் 129 நோயாளிகளிடம் நான்கு வகை எஃப்.என்.பி. முனைகளைத் தனித்தனியாக ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ஃபிரான்சீனும் ஃபோர்க்-டிப்பும் மற்ற இரண்டை விடக் கூடுதலாகச் செல்களைக் கொண்டுவந்தன. 2022ல் 16 ஆய்வுகளை முனைவாரியாகப் பிரித்துத் தொகுத்தபோதும் இந்த இரண்டுமே முன்னால் வந்தன. இந்த இரண்டுக்குள் எது பெரிது என்றால், 2018லேயே 50 பேரிடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள், சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம் 2024ல் கணையத் திடக்கட்டிக்கு எஃப்.என்.பி. பக்கமே சாய்ந்துவிட்டது. தவறி ரத்தக்கசிவு, கணைய அழற்சி வரும் அபாயம் இரண்டு வகையிலும் குறைவுதான், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னை முழுசாக எஃப்.என்.பி. கட்சியில் சேர்த்தது இன்னொரு ஆய்வு. எஃப்.என்.ஏ. செய்யும் பெரிய மையங்களில் ரோஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஊசி போடும் அறையிலேயே ஒரு நோயியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்து, எடுத்தவுடனே ஸ்லைடு போட்டுப் பார்த்து, "போதும்" அல்லது "இன்னும் ஒரு தடவை குத்து" என்பார். நல்ல ஏற்பாடு. ஆனால் நம்ம பக்கத்தில் எத்தனை ஆஸ்பத்திரியால் அப்படி ஒருவரை மணிக்கணக்கில் அங்கே உட்கார வைக்க முடியும்? 2021ல் எட்டு நாடுகளில் 800 நோயாளிகளிடம் எஃப்.என்.பி. ஊசியை வைத்தே சோதித்தார்கள். ரோஸ் இருந்தபோது சரியான முடிவு 96.4 சதவீதம், இல்லாதபோது 97.4 சதவீதம். மாற்றிப் படிக்கவில்லை, அப்படித்தான். நேரமும் சுமார் 18 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் குறைந்தது. அதாவது, அறைக்குள் நிபுணர் இல்லாத ஊருக்கு ஏற்ற ஊசி இது. பணக்கார மையங்களின் ஆடம்பரம் என்று நாம் நினைப்பது, உண்மையில் வசதி குறைந்த இடத்துக்குத்தான் அதிகம் தேவை.

விலைக்கு வருவோம். இரண்டும் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியவை. எஃப்.என்.பி. விலை கூடுதல். நூறு பேருக்கு விலை குறைந்த ஊசி போட்டு இருபது பேர் திரும்ப வருகிறார்கள், விலை கூடிய ஊசி போட்டு ஐந்து பேர் திரும்ப வருகிறார்கள் என்று சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பதினைந்து எண்டோஸ்கோப்பி மிச்சம், மயக்க மருந்து மிச்சம், பதினைந்து ஊசியும் மிச்சம். அப்படியும் ஆஸ்பத்திரியின் நோட்டில் மட்டும் கூட்டிக் கழித்தால் இழுபறியாக வரலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோட்டில் ஆவடியிலிருந்து விடிகாலையில் வெறும் வயிற்றோடு ரயில் ஏறுவது எழுதப்படுவதில்லை. பூந்தமல்லியிலிருந்து கூட வருபவரின் ஒருநாள் கூலி எழுதப்படுவதில்லை. இன்னொரு ஒரு வாரம் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதும், பயாப்ஸி உறுதி ஆகாமல் கீமோ ஆரம்பிக்க முடியாது என்பதும் எந்தக் காலத்திலும் வராது. டெண்டரில் ஊசிக்கு விலை கேட்கிறார்கள். "ஒரு சரியான ரிப்போர்ட்டுக்கு என்ன விலை" என்று கேட்டால் கணக்கு வேறு மாதிரி வரும்.

"ஊசியில என்னப்பா இருக்கு, கையில இருக்கு" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம். 2013ல் வந்த ஒரு சின்ன ஆய்வில் சாதா எஃப்.என்.ஏ. ஊசியையே ஒரே இடத்தில் குத்தாமல் விசிறி மாதிரி கோணம் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். முதல் குத்திலேயே முடிவு கிடைத்தது 57.7 சதவீதத்திலிருந்து 85.7 சதவீதமாக ஏறியது. ஒரு பைசா கூடுதல் செலவில்லை! ஆகவே கை முக்கியம்தான். ஆனால் நல்ல கைக்கு நல்ல டூல் கொடுக்கக்கூடாது என்று எந்த டூல் ரூமிலும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் எஃப்.என்.பி. போடு என்றும் நான் சொல்லவில்லை. ஆபரேஷனில் எடுத்துவிடக்கூடிய கட்டி, ஸ்கேனும் தெளிவாக இருக்கிறது என்றால் ஊசியே போடாமல் நேராக ஆபரேஷனுக்குப் போவதும் உண்டு. நீர்க்கட்டிக்குக் கதையே வேறு.

வீட்டில் யாருக்காவது இந்தச் சோதனை என்று எழுதிக் கொடுத்தால், டாக்டரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். எஃப்.என்.ஏ.வா, எஃப்.என்.பி.யா? கூட நோயியல் நிபுணர் இருப்பாரா? எடுத்த திசுவில் காசநோய்ச் சோதனைக்கும் கொஞ்சம் அனுப்புவீர்களா? பழைய கணைய அழற்சி இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், ஃபைலின் அடியில் கிடக்க விடாதீர்கள்.

அண்ணனுக்கு இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் உடம்பு கேட்கும் நாளில் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். போன மாதம் ஒருநாள் கூப்பிட்டு, காகிதத்தில் சுற்றி எதையோ கொடுத்தார். ஆறு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் டியூப் இரண்டு துண்டு. ஒன்றில் சாய்வு முனை, இன்னொன்றில் மூன்று பல், கண்ணாடி மாதிரி தீட்டியிருந்தார். சேனைக்கிழங்கு ஒன்றை வாங்கி வந்து இரண்டையும் குத்திப் பார்த்தோம். அண்ணி திட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். எனக்கு ஏமாற்றம், இரண்டிலுமே உருளை அழகாக வந்துவிட்டது.

"கிழங்குல நார் ஏதுடா, அதான்" என்றார். "பனங்கிழங்குல பாக்கணும்."

அது பொங்கலுக்குத்தானே அண்ணே வரும் என்றேன்.

"வரட்டும், பாப்போம்" என்று இரண்டு டியூபையும் துடைத்து என்னிடமே கொடுத்து வைத்திருக்கச் சொன்னார்.